விரல் தூக்கினானா, இல்லையா

எங்கள் பக்கத்துச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் விரல் தூக்க வேண்டும். கையைத் தூக்கி ஆட்டுவதெல்லாம் சுற்றுலா வருகிறவர்கள் செய்கிற வேலை. ஸ்டியரிங் மேல் கை கிடந்தபடி கிடக்க, ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் எழும்ப வேண்டும். நன்றாகத் தெரிந்தவர் என்றால் இரண்டு விரல். உன்னைப் பார்த்துவிட்டேன், நீயும் இருக்கிறாய், நானும் இருக்கிறேன், சரி போ என்று அதற்கு அர்த்தம். தூக்காமல் போனவனுக்கு என்ன கொழுப்பு என்று அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேசிவிடுவார்கள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் விவாகரத்து வழக்கு நடந்த காலத்தில்கூட எதிரெதிரே வந்தால் நானும் தூக்கினேன், அவரும் தூக்கினார். வக்கீல்களுக்குத்தான் அது விளங்கவில்லை.

மார்லிஸ் ஹாக்லண்டின் கதையை இந்த விரலை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

மார்லிஸ் எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதி. எங்கள் ஊர் ஆன்ட்லர் க்ரீக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். முழங்கால் அளவு பனி கிடந்தாலும் அவள் பேருந்து வந்து நின்றுவிடும்; பிள்ளைகள் அதற்காகவே அவளைச் சபிப்பார்கள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். பின் இருக்கையில் ஒருவன் இன்னொருவன் தொப்பியைப் பிடுங்கினால் கண்ணாடியில் பார்த்தே அடக்கிவிடுவாள். சமையல் மட்டும் வராது. அவள் சுட்ட இலவங்கப்பட்டை ரோலைக் கடித்து என் கடைவாய்ப் பல் ஆடிப்போனது சத்தியம். அவள் புருஷன் ஆரின் அதையும் ஒரு குறை சொல்லாமல் தின்பான். குறை சொல்ல வேண்டுமென்றால் பேச வேண்டுமே. அவன் மாடுகளோடு மட்டும்தான் தாராளமாகப் பேசினான்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பேருந்தில் ஏறியதெல்லாம் தன் பிள்ளை என்று மார்லிஸ் எடுத்துக்கொண்டாள். அதில் டஸ்டின் ஸ்கார் என்றொரு பையன். வளைவுகளில் வாந்தி எடுப்பான் என்பதால் எட்டாம் வகுப்பு வரை அவனை முன்னிருக்கையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தாள். ஜன்னல் கம்பியில் அவனுக்கென்று ஒரு பிளாஸ்டிக் வாளி தொங்கும்.

அந்த டஸ்டின்தான் ஆரினைக் கொன்றான். வளர்ந்து, சொந்தமாகப் பிக்கப் வண்டி வாங்கிய பிறகு.

அக்டோபர் கடைசியில் மலை மேய்ச்சலிலிருந்து மாடுகளை வீட்டுக்கு இறக்குவோம். வழியில் ஹைவேயைக் கடக்க வேண்டும். ஆரின் குதிரைமேல் மாடுகளுக்குப் பின்னால் வருவான். கடக்கிற இடத்துக்கு வடக்கே ஒருவர், தெற்கே ஒருவர் ஆரஞ்சுச் சட்டையும் கொடியுமாக நின்று வண்டிகளை நிறுத்துவோம். வருகிற வண்டி நிற்க இடம் வேண்டும் என்பதால் நன்றாகத் தள்ளித்தான் நிற்பது. அந்த வருஷம் வடக்கே நான், தெற்கே மார்லிஸ். நடுவில் சாலை கொஞ்சம் மேடேறி இறங்குகிறது. எனக்கு அவள் தலையும் கொடியும் தெரிந்தன. அவளுக்கு அப்பால் இருந்த சாலை தெரியவில்லை.

மாடுகள் எல்லாம் கடந்துவிட்டன. ஒரு பசுவும் கன்றும் மட்டும் சாலையோரப் பள்ளத்தில் நின்று அடம் பிடித்தன. ஆரின் அவற்றுக்குப் பின்னால் குதிரையை நிறுத்திவிட்டு மார்லிஸைப் பார்த்தான். அவள் கை காட்டினால் அவன் வருவான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். அப்போது தெற்கிலிருந்து ஒரு பிக்கப் வந்தது. தூரத்திலேயே அது டஸ்டின் வண்டி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொடியை ஆட்டினாள். கிட்டே வரும்போது, கண்ணாடிக்குப் பின்னால், ஸ்டியரிங் மேலிருந்து இரண்டு விரல் எழும்பியது. இவளும் பதிலுக்குத் தூக்கினாள். பையன் பார்த்துவிட்டான், நிறுத்திவிடுவான். அந்த நிம்மதியில் திரும்பி ஆரினுக்குக் கை காட்டினாள், வா என்று.

பிக்கப் அவளைத் தாண்டியும் வேகம் குறையவில்லை. எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது. பிரேக் பிடித்த சத்தம் இல்லை. கேட்ட சத்தத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது டஸ்டின் பள்ளத்தோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஆரினை என் கோட்டால் மூடினேன். மார்லிஸ் ஆரினிடம் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து போய் அந்தப் பையன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம். வேறென்ன சொல்ல? ஹைவே போலீஸ்காரர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார்.

"பையன் என்னைப் பார்த்தான் சார். விரல் தூக்கினான். பார்த்துட்டுத்தான் வந்தான். பிரேக்கு ஏதோ காலை வாரிடுச்சு போல. அவனை ஒண்ணும் பண்ணிடாதீங்க. வெலவெலத்துப் போயிருக்கான் பாருங்க."

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். மார்லிஸ் அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். விரல் தூக்கியவன் பார்த்தவன். அதில் சந்தேகப்பட எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று பிறகு தெரிந்தது. போன் விஷயம் அதற்கும் பிறகு வந்தது. டஸ்டினுக்கு அவன் சிநேகிதன் ஒரு படம் அனுப்பியிருந்தான். தொப்பி போட்ட நாய். அந்த நேரத்தில்தான் டஸ்டின் அதைத் திறந்து பார்த்திருக்கிறான். பதிலுக்கு "ஹா ஹா" என்று பாதி அடித்து வைத்திருந்தது. அதைக் கேள்விப்பட்ட அன்று மார்லிஸ் என் கடைக்கு வந்து தீவன மூட்டைகள் மேல் உட்கார்ந்தாள். மாட்டுத் தீவனக் கடை என்னுடையது. கடை மூடும் வரை அசையவில்லை.

மாவட்ட அரசு வக்கீலிடம் நான்தான் அவளைக் கூட்டிப்போனேன். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களால் ஒன்றும் ஆவதில்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

"மார்லிஸ், வண்டி ஓட்டும்போது போன் பாக்கறது நம்ம மாநிலத்துல குத்தமே இல்ல. பக்கத்து மாநிலமா இருந்தா போன் கையில இருந்ததே போதும், மேல பேச்சே கிடையாது. இங்க அவன் கவனமில்லாம ஓட்டினான்னு நான் நிரூபிச்சாகணும்."

"நாய்ப் படம் பார்த்துட்டு வந்தான் சார். அது கவனமா?"

"அவங்க வக்கீல் என்ன சொல்வார் தெரியுமா? என் கட்சிக்காரர் படத்தை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் ரோட்டைப் பார்த்தார், கொடி பிடிச்சிருந்த அம்மாவுக்கு விரல்கூடத் தூக்கினார்ம்பார். அதைச் சொன்னது யாரு? நீங்க."

"நான் தப்பா நினைச்சிட்டேன்."

"போன் விஷயம் வெளிய வந்ததுக்கு அப்புறம் சொல்றீங்க. மாத்திப் பேசறாங்கம்பாங்க."

மார்லிஸ் கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள். "அந்த வார்த்தையைத் திருப்பி வாங்கிக்க ஒரு வழியும் இல்லையா?" என்று கேட்டாள்.

சாலை விதி மீறல் என்று ஏதோ சில்லறைக் குற்றம் போட்டு அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். டஸ்டின் வாயே திறக்கவில்லை. வாய் திறக்காதே என்று அவன் வக்கீல் சொல்லியிருந்தார். வக்கீல்தான் இருவருக்குமாகச் சேர்த்துப் பேசினார். பேசிவிட்டு உட்காரும்போது, போகிறபோக்கில் ஒரு வரி சொன்னார்: "குதிரையில் இருந்தவரைக் கை காட்டிக் கூப்பிட்டது யார் என்பதையும் கனம் நீதிபதி கவனிக்க வேண்டும்."

அந்த ஒரு வரி போதும் எங்கள் ஊருக்கு. காப்பிக் கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். நின்ற பேச்சு என்ன பேச்சு என்று எனக்குத் தெரியாதா? "பாவம்தான், ஆனா கை காட்டினது அவதானே." இதைச் சொன்னவர்களில் பாதிப் பேர் ஒரு கையில் போனும் மறு கையில் காப்பியுமாக முழங்காலால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தவர்கள். நான் திட்டினேன். என் வியாபாரம் கொஞ்சம் படுத்தது. படுக்கட்டும்.

மார்லிஸ் பேருந்தை விட்டாள். மாடுகளை விற்றாள். விரல் தூக்குவதையும் விட்டாள். வண்டி ஓட்டினால் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே யார் வந்தாலும் நேராகப் பார்த்தபடி போவாள். ஊரில் அதற்கும் முணுமுணுத்தார்கள். பிறகு ஓட்டுவதையே விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என்னைத் தன் வீட்டு முற்றத்துக்கு வரச் சொன்னாள். ஆரினின் பழைய பிக்கப்பில் என்னை உட்கார வைத்து, கையில் போனைக் கொடுத்தாள். ஆரஞ்சுக் கொடியை எடுத்துக்கொண்டு வேலிவரை நடந்தாள். அங்கிருந்து கத்தினாள்.

"போனை ஸ்டியரிங் மேல வச்சுப் பிடி! இப்ப எனக்கு விரல் தூக்கு!"

தூக்கினேன்.

"இப்ப போனைத் தொடு!"

தொட்டேன்.

"இப்ப ரெண்டுல ஏதோ ஒண்ணு பண்ணு. எதுன்னு சொல்லாத. நான் சொல்றேன்."

அன்று மத்தியானம் முழுக்க இதுதான். வெயில் கண்ணாடியில் விழுந்தால் ஒரு மாதிரி, மேகம் வந்தால் ஒரு மாதிரி. "தூக்கினே!" என்பாள், நான் போனைத் தொட்டிருப்பேன். "தொட்டே!" என்பாள், தூக்கியிருப்பேன். சில சமயம் சரியாகச் சொன்னாள், சும்மா சொன்னாலும் அந்த அளவுக்குச் சரியாக வரும். கடைசியில் கொடியைக் கீழே போட்டுவிட்டு வண்டி மூக்கில் வந்து சாய்ந்தாள்.

"எது எதுன்னு தெரியலடீ நடீன். எனக்கே தெரியல."

"யாருக்கும் தெரியாதுடி. தெரியாததுக்கு எதுக்கு உன்னைப் போட்டு அடிச்சுக்கற?"

"சட்டம் இருந்திருந்தா எனக்குத் தெரிய வேண்டியதே இல்ல. போன் கையில இருந்துச்சா, இருந்துச்சு, அவ்வளவுதான். தூக்கினானா இல்லையான்னு ஒருத்தரும் என்கிட்ட கேட்டிருக்க மாட்டாங்க. கேட்டிருக்க மாட்டாங்கதானே?"

மாட்டார்கள் என்றேன். அன்றைக்கு அவளைப் பிடித்தது பிடித்ததுதான். சட்டம் வேண்டும். ஓட்டுகிறவன் கையில் போன் இருந்தால் அதுவே குற்றம் என்கிற சட்டம். சட்டம் வந்தால் ஆரின் வர மாட்டான், அது அவளுக்குத் தெரியும். தன் வாயிலிருந்து விழுந்த அந்த ஒரு வார்த்தை மாதிரி இன்னொருத்தி வாயிலிருந்து விழுந்தாலும் அது யாரையும் தப்பவிடாது, சொன்னவளையும் குத்தாது. அது போதும் என்றாள்.

எங்கள் சட்டசபை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் கூடும், அதுவும் வயலில் வேலையில்லாத பனிக்காலமாகப் பார்த்து. அடிக்கடி கூடினால் அடிக்கடி சட்டம் போட்டுவிடுவார்கள் என்று எங்கள் ஜனங்களுக்குப் பயம். அந்த வருஷம் போன் மசோதா ஒன்று கமிட்டிக்கு வந்தது. நான் ஓட்ட, மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்து எதிரே வருகிற ஒவ்வொருவன் கையையும் பார்த்துக்கொண்டே தலைநகரம் வந்தாள்.

கமிட்டி அறையில் மசோதா வேண்டுமென்கிறவர்கள் முதலில் பேச வேண்டும், வேண்டாமென்கிறவர்கள் பிறகு. மார்லிஸ் பேசினாள். அவள் குரலுக்கு மைக் தேவையில்லை, ஆனால் அன்று மைக் இருந்தும் கேட்கவில்லை. பிறகு எதிர்த்தவர்கள் வந்தார்கள். என் வண்டிக்குள் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்றார் ஒருவர். இன்றைக்குப் போன், நாளைக்கு ஓட்டும்போது பர்கர் தின்னக் கூடாது, அப்புறம் மடியில் நாயை வைக்கக் கூடாது என்று சட்டம் வரும் என்றார் இன்னொருவர். நாய் என்றதும் மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

கமிட்டியில் பெரிய தொப்பி வைத்த ஒருவர் இருந்தார். அவரும் மாடு வளர்ப்பவர். மேசைமேல் தொப்பியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்.

"மிஸஸ் ஹாக்லண்ட், உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன். நானும் ரோட்டைத் தாண்டி மாடு ஓட்டறவன்தான். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் பையன் உங்களுக்கு விரல் தூக்கினான்னு நீங்களே போலீஸ்ல சொல்லியிருக்கீங்க. உங்களைப் பார்த்தவன் நிறுத்தல. அதுக்குப் போன் சட்டம் என்னம்மா பண்ணும்?"

மார்லிஸ் எழுந்து நின்றாள். "தூக்கினான்னு நினைச்சேன்" என்றாள்.

"நினைச்சீங்க. சரிம்மா. வேற கேள்வி இல்ல."

மசோதாவைக் கிடப்பில் போட்டார்கள். வேண்டாம் என்று நேராகச் சொல்லிக் கொன்றாலாவது ஒரு மரியாதை. கிடப்பில் போடுவது எங்கள் ஊர்ப் பாணி; யார் கையிலும் ரத்தம் இருக்காது.

திரும்பி வரும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். மார்லிஸ் இறங்கவில்லை. "அவன் வந்து சொல்லணும்" என்றாள். "தூக்கலன்னு அவன் வாயால சொல்லணும். நான் எத்தனை தடவை சொன்னாலும் அது பேச்சு மாத்தறதுதான். அவன் சொன்னா சாட்சி."

அடுத்த கூட்டம் வருகிறவரை அவள் அவனை விடவில்லை. டஸ்டின் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடும் வேலைக்குப் போய்விட்டிருந்தான். கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது. அவன் வீட்டுக் கதவைத் தட்டினால் அவன் அம்மா வந்து, "மார்லிஸ், அவன் பட்டது போதும், போயிரு" என்று முகத்தில் அறைந்த மாதிரி சாத்துவாள். சர்ச்சில் இவள் பின்வரிசையில் உட்கார்ந்தால் அவர்கள் முன்கதவு வழியாக வெளியேறுவார்கள். ஊரில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுபோய், பேசாமலானார்கள். அது இன்னும் மோசம். நானே ஒரு நாள் கோபத்தில் கேட்டேன்.

"ஏண்டி, அவனையே கட்டிக்கிட்டு அழற? அவன் ஒரு வார்த்தை சொன்னா ஆரின் எழுந்து வந்துடுவானா?"

"நீ ஓட்டறியா, இல்ல நான் நடந்து போகட்டுமா?" என்றாள். ஓட்டினேன்.

அன்று அவனைக் கிடங்கில் பிடித்தோம். அறுவடை முடிந்த நேரம், லாரிகள் குறைவு. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் எடைப் பொறியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். மார்லிஸைப் பார்த்ததும் எழுந்தான். பேருந்தில் இறங்கும் இடம் வந்ததும் எழுந்த மாதிரியே. தலைமுடி முன்னால் கொட்டத் தொடங்கியிருந்தது.

"டஸ்டின், உன்னைத் திட்ட வரல."

"தெரியும், மிஸஸ் ஹாக்லண்ட்."

"எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். ஜனவரியில கமிட்டிக்கு வா. வந்து நீ விரல் தூக்கலன்னு சொல்லு. உன் வழக்கு முடிஞ்சுபோச்சு, உன்னை இனி யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. வக்கீல்கிட்ட வேணா கேட்டுக்க."

அவன் எடைப் பொறியைப் பார்த்தான். அதில் ஒரு லாரியும் இல்லை. எண்கள் பூஜ்யத்தில் நின்றன.

"என்னால முடியாது."

"தூக்கினியா, இல்லையா?"

"மிஸஸ் ஹாக்லண்ட், வேணாம்."

"நான் என்ன, உன் தலையையா கேக்கறேன்? ஒரு வார்த்தை! எட்டு வருஷம் உன் வாந்தியைத் துடைச்சிருக்கேன்டா நான்! அந்தப் பாத்தியதையில கேக்கறேன், ஒரு வார்த்தை!" அவள் கத்தியதில் வெளியே நின்ற லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். அடுத்த நொடி அந்தப் பெரிய உடம்பு ஜன்னல் விளிம்பில் அப்படியே சாய்ந்தது. "கெஞ்சிக் கேக்கறேன், டஸ்டின். மண்டி போடச் சொன்னாலும் போடறேன்."

"உங்களுக்காகத்தான் வேணாங்கறேன்" என்றான். அவ்வளவு மெதுவாகச் சொன்னான். எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். ஆனால் அவள் அப்போது கேட்கிற நிலையில் இல்லை. லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். நான் அவள் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

ஜனவரியில் மசோதா மறுபடியும் வந்தது. அதே அறை, அதே தொப்பி, பேச வந்தவர்கள்தான் கொஞ்சம் குறைவு. மார்லிஸ் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தாள். போன தடவை சொன்னதையே சொன்னாள். சேர்க்க ஒன்றும் இல்லை. "மசோதாவை ஆதரிச்சுப் பேச வேற யாராவது?" என்று சேர்மன் வாசல் பக்கம் பார்த்துக் கேட்டார். எதிர்ப்பவர்கள் எழுந்திருக்கத் தொடங்கியிருந்தார்கள். கதவு திறந்தது.

டஸ்டின். கிடங்கு வேலைக்குப் போடுகிற அதே கோட்டு, தோளில் தானியத் தூசி. விடியுமுன் கிளம்பியிருப்பான் போல. யாரையும் பார்க்காமல் நேராக மைக்கிடம் போனான்.

"பேரும் ஊரும் சொல்லுங்க தம்பி. கடைசிப் பேருக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க, பதிவுக்கு."

"டஸ்டின் ஸ்கார். ஆன்ட்லர் க்ரீக்." எழுத்துக் கூட்டினான். நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து கூட்டினான். "மிஸஸ் ஹாக்லண்ட் சொன்ன பையன் நான்தான்."

சேர்மன் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் விரல் தூக்கல. போனை ஸ்டியரிங்கோட சேர்த்துப் பிடிச்சிருந்தேன். ஒரு படம் வந்துச்சு. பெருசு பண்ணிப் பாக்க ரெண்டு விரலால இழுத்தேன். அதைத்தான் அவங்க பார்த்திருக்காங்க. நான் அவங்க கொடியைப் பாக்கல. மாட்டைப் பாக்கல. குதிரையைப் பாக்கல. அவங்க போலீஸ்கிட்ட நான் விரல் தூக்கினேன்னு சொன்னப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். எனக்கு முதுகைத் தடவிக் குடுத்துக்கிட்டே சொன்னாங்க. நான் இல்லன்னு சொல்லல. வீட்டுல என் பொண்ணு இருக்கா. என் பொண்டாட்டி அவளைப் பின்னால வச்சு ஓட்டிக்கிட்டு வரா, எதிர்ல வரவன் கையில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? சட்டம் வேணும். அவ்வளவுதான்."

தொப்பிக்காரர் தொப்பியைத் திருப்பி வைத்தார். கேள்வி கேட்கவில்லை. நான் மார்லிஸின் கையைப் பிடித்து அழுத்தினேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அவள் கை அழுத்தத்துக்குப் பதில் சொல்லவில்லை.

எதிர்ப்பவர்கள் பேசினார்கள், பர்கர், மடிநாய், சுதந்திரம். பிறகு கமிட்டி எங்களைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டுத் தங்களுக்குள் பேசியது. தொப்பிக்காரர் எழுந்து, இந்தத் தம்பி பேசியது தன் நெஞ்சைத் தொட்டது என்றார். இவ்வளவு நேர்மையான மனசாட்சி உள்ள ஜனங்கள் இருக்கிற மாநிலத்துக்குச் சட்டம் எதற்கு என்றார். நான் நிஜமாகவே எழுந்துவிட்டேன். பின்னாலிருந்து யாரோ என் கோட்டைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கையைத் தூக்கினார்கள், எண்ணினார்கள், கிடப்பில் போட்டார்கள். அடுத்த மசோதா மீன்பிடி அனுமதி பற்றியது. சேர்மன் அதைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே கூடத்தில் டஸ்டின் சுவரோரம் நின்றிருந்தான். நான் அவனிடம் ஏதோ நன்றி மாதிரி சொன்னேன். மார்லிஸ் மெதுவாக நடந்து வந்து அவன் எதிரே நின்றாள். அறைவாளோ, கட்டிக்கொள்வாளோ என்று பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை.

"நிஜமாவே தூக்கலையா?"

"இல்ல, மிஸஸ் ஹாக்லண்ட்."

"அங்க சட்டத்துக்காகச் சொன்னே. இப்ப எனக்குச் சொல்லு. ஓரக்கண்ணாலகூடப் பாக்கலையா? என் சட்டை, கொடி, ஏதாவது?"

டஸ்டின் என்னைப் பார்த்தான். என்ன செய்யட்டும் என்று கேட்கிற பார்வை. கிடங்கில் அவன் மெதுவாகச் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷமும் அவள் மனசின் ஏதோ ஓர் ஓரத்தில் அவன் விரல் தூக்கித்தான் இருந்தான். அவன் பார்த்தான், அதனால்தான் அவள் கூப்பிட்டாள். அந்த ஓரத்தையும் அவளே கெஞ்சிக் கூத்தாடி இடித்துவிட்டாள்.

"பொய் சொல்லுடா" என்று எனக்கு அவனிடம் கத்த வேண்டும் போலிருந்தது.

"பாக்கல" என்றான். அழத் தொடங்கினான்.

மார்லிஸ் தலையாட்டினாள். கோட்டுப் பொத்தானைப் போட்டாள். ஒரு துளையில் தப்பாகப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டாள்.

"அப்ப அன்னிக்கு அந்த ரோட்டுல கை காட்டினது நான் ஒருத்திதான்" என்றாள்.